சோத்துக்கைக்கு மறுபக்கம்

அத்தான் தன் மோட்டார் சைக்கிளில் என்னென்ன பூட்டியிருக்கிறார் என்று ஒருமுறை பட்டியலிட்டேன். பதினான்கு வந்தது. அக்கா அதை வாசித்துவிட்டு, "என்னை விட்டிட்டாய். பின்னாலை குந்திக்கொண்டு போறது பதினைஞ்சாவது" என்றாள்.

அக்காவின் கணவரான அத்தான், மாடுகளுக்கு மருந்து கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தார். உருத்திரபுரத்தில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஸ்கந்தபுரம், ஜெயபுரம் என்று கிராமம் கிராமமாகப் போய் வருவார். மற்றவர்கள் அதை மாடு பார்க்கப் போவது என்பார்கள். அத்தான் மட்டும் டூர் என்பார். காரணம் ஒரு கலண்டர் படம். பனிமலை ஒன்றின் முன்னால் பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கும். இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றுத் தடுப்பு, கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரன். அந்த வருடம் முடிந்தும் கலண்டர் சுவரை விட்டு இறங்கவில்லை. அத்தான் தன் வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் படமாக்கிக்கொண்டிருந்தார்.

பெட்டிகள் இரண்டும் தார்ப்பீப்பாத் தகட்டில் செய்தவை. காற்றுத் தடுப்பு, ஓடாத பஸ் ஒன்றின் பிளாஸ்டிக் ஜன்னல். முகம் பார்க்கும் கண்ணாடிகள் மூன்று: இரண்டு வீதிக்கு, ஒன்று தலை சீவ. வாத்துப்போல் கத்தும் ரப்பர் ஹோர்ன். குடை செருக ஒரு குழாய். அக்காவின் சேலை சில்லில் சிக்காமல் இருக்க ஒரு கம்பி வலை. இவற்றோடு ஒரு சேலைன் போத்தலும் தொங்கியது. ஆனால் அதை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. பெற்றோல் மருந்துபோல் சொட்டுக் கணக்கில் கிடைத்த காலம் அது. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய்க்குக் குளிர்ந்த இயந்திரத்தை எழுப்பத் தெரியாது. போத்தலிலிருந்து கொஞ்சம் பெற்றோலை விட்டு எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஆகவே அந்தப் போத்தல் அலங்காரம் அல்ல, மூச்சு.

இப்போது என் விடயம். தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சி முடித்து, குளக்கட்டின் அடியில் இருந்த நீர்ப்பாசன அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பழைய வரைபடத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து வாய்க்கால்களைப் படியெடுப்பது என் வேலை. ஒன்றரை வருடமாக எனக்குத் தண்ணீர் என்றால் நீலக் கோடு. ஜன்னலுக்கு வெளியே உண்மையான வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்க, நான் அதன் படத்தின் படத்தைக் கீறிக்கொண்டிருந்தேன். வெளிக்கள உத்தியோகத்தர் மாற்றலாகிப் போகப் போகிறார் என்று தெரிந்த அன்றே, அந்த இடத்தைக் கேட்டுப் பொறியியலாளரிடம் போனேன்.

"வெளிவேலை எண்டால் மோட்டச்சைக்கிள் ஓட வேணும், பிள்ளை" என்றார் அவர்.

"ஓடுவன் ஐயா."

"ஆரின்ரை சைக்கிள் ஓடினனீங்கள்?"

"அத்தான்ரை."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உந்தக் குடையும் பெட்டியும் வைச்சுக்கொண்டு திரியிற… அதையோ?"

"ஓம் ஐயா. அதெல்லாம் வர முதல் ஓடிப் பழகினனான்."

அவர் ஒரு தாளை எடுத்து நான்கு வரி எழுதினார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. முதலாவது, வண்டியை எழுப்புவது. இரண்டாவது, குளக்கட்டால், தண்ணீர் திறந்துவிடும் மதகான மூன்றாம் துருசுவரை ஓடி, நீர்மட்டத்தை வாசித்துத் திரும்புவது. மூன்றாவது, வரும் வழியில் கட்டில் நிறுத்தி மறுபடி எழுப்புவது. நான்காவது, மெயின் ஸ்டாண்டில் தனியாக ஏற்றுவது.

"அலுவலகச் சைக்கிள் இன்னும் மாறிப் போறவரிட்டைத்தான் நிக்குது. வெள்ளிக்கிழமை காலமை ஒன்பதுக்கு உங்கடையோடை வாங்கோ. நாலும் சரியெண்டால் திங்கட்கிழமை தொடக்கம் வெளியிலை. இல்லாட்டி உங்களுக்கு மேசை இருக்கு, தாள் இருக்கு" என்றார்.

மேசையும் தாளும் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அத்தானின் வண்டி இருந்த கோலத்தில் நான் காலைத் தூக்கிப் போட்டு ஏறவே முடியாது. பெட்டி தடுக்கும். அந்தப் பாரத்தோடு மெயின் ஸ்டாண்டில் ஏற்றுவது நினைக்கவும் கூடாத காரியம். புதன்கிழமை பின்னேரம் அத்தானிடம் கேட்டேன்.

"எல்லாத்தையுமோ கழட்ட வேணும்?" என்றார். பல்லைப் பிடுங்கக் கேட்டதுபோல் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"ஒரு நாளைக்கு மட்டும் அத்தான்."

"சனிக்கிழமை ஜெயபுரத்திலை முந்நூறு மாட்டுக்கு ஊசி. பெட்டி இல்லாமல் நான் மருந்தைத் தலையிலையோ கொண்டுபோறது?"

"வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லாம் இருந்த இடத்திலை இருக்கும். எழுதித் தாறன்."

"எழுதினால் காணாது. கையெழுத்தும் வை."

வைத்தேன்.

வியாழக்கிழமை அரைநாள் லீவு எடுத்தேன். பால்மா ரின்களைக் கழுவி வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டினேன். ஒவ்வொரு பொருளின் ஆணியும் அதனதன் ரின்னில். வேலையைத் தொடங்குமுன் இடது எது வலது எது என்பதைத் தீர்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். முன்னால் நின்று பார்ப்பவருக்கு ஒரு இடது, பின்னால் நிற்பவருக்கு வேறொரு இடது. வாய்க்காலுக்கு இந்தக் குழப்பம் இல்லை. தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நில், உன் இடப்பக்கம் இருப்பது இடதுகரை. மோட்டார் சைக்கிளுக்கும் அதே சட்டம், அது ஓடும் திசையைப் பார்த்துத்தான் இடதும் வலதும் என்று அறிவித்தேன்.

"மாட்டுக்கும் உதுதான் சட்டம்" என்றார் அத்தான். "மாட்டின்ரை வலது மாட்டுக்குத்தான் வலது."

இருவருக்கும் திருப்தி. ரின்களில் 'இ' என்றும் 'வ' என்றும் எழுதினேன். இடம் வலம் பற்றிய பிரச்சினை அத்தோடு முடிந்தது என்று நம்பினேன்.

உதவிக்குப் பக்கத்துக் காணி அண்ணை வந்தார். மலையகத்தில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் பூட்டும் வேலை செய்தவர். இங்கே வந்து வயல் செய்தாலும் ஸ்பானர்களைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். அத்தானை அவர் "டாக்டரு" என்றுதான் கூப்பிடுவார். அத்தான் அதைத் திருத்தியதே இல்லை.

காற்றுத் தடுப்பு வந்தது. ஹோர்ன் வந்தது. குடைக்குழாய், சேலைக்கம்பி, கண்ணாடிகள் இரண்டு வந்தன. சேலைன் போத்தலைத் தொங்கவிட ஒரு கண்ணாடியை மட்டும் விட்டேன். ஒவ்வொரு ஆணி கழரும்போதும் அத்தான் "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் போட்டார்.

"இஞ்சாருங்கோ, அதுக்கு நோகாது" என்றாள் அக்கா குசினிக்குள்ளிருந்து.

வலப்பக்கப் பெட்டியை அண்ணையும் நானும் கழற்றினோம். மிஞ்சியது இடப்பக்கப் பெட்டி, என் பட்டியலில் ஏழாவது. அதன் நட்டு மட்காட்டுக்கு உள்பக்கம் இருந்தது. ஒருவர் கீழே படுத்து அதைப் பிடிக்க, இன்னொருவர் வெளியிலிருந்து போல்ட்டின் தலையைத் திருக வேண்டும். அண்ணை கீழே போனார். நான் குசினி வாசலில் ரின்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததால் அத்தான் ஸ்பானரை எடுத்தார்.

"நட்டப் புடிச்சிருக்கேன் டாக்டரு. நீங்க திருகுங்க."

"எந்தப் பக்கம் அண்ணை?"

கீழேயிருந்து அண்ணை கொஞ்சம் யோசித்து, "சோத்துக்கைக்கு மறுபக்கம்" என்றார்.

"சரி."

கிறீச் என்று ஒரு சத்தம்.

"வருதுங்களா?"

"இல்லையே."

"பலமா திருகுங்க. சோத்துக்கைக்கு மறுபக்கம்."

"அந்தப் பக்கம்தான் அண்ணை திருகிறன்!"

"அப்ப துருவாத்தான் இருக்கும்."

மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். சுத்தியலால் தட்டினார்கள். ஸ்பானரின் பிடியில் ஒரு தண்ணீர்க் குழாயைச் செருகி நீளமாக்கினார்கள். கால்மணி நேரம் அத்தான் குழாயோடு தொங்கினார். கீழே அண்ணை முருகனைக் கூப்பிட்டார். பிறகு 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

எழுந்து போய்ப் பார்த்தேன். போல்ட்டின் தலை அறுகோணமாக இருந்தது, இப்போது வட்டமாகிவிட்டது. ஸ்பானர் அதன்மேல் சும்மா சுற்றியது. பெட்டியின் தகடு உள்நோக்கிக் குழிந்திருந்தது. இறுகியிருக்கிறது, அதுவும் யாரும் இதுவரை இறுக்காத அளவுக்கு.

"எந்தப் பக்கம் திருகச் சொன்னீங்கள் அண்ணை?"

"சோத்துக்கைக்கு மறுபக்கம்."

"எந்தப் பக்கம் திருகினீங்கள் அத்தான்?"

"சோத்துக்கைக்கு மறுபக்கம்."

"சரி. ரெண்டு பேரும் சோத்துக்கையைத் தூக்குங்கோ."

வண்டிக்கு அடியிலிருந்து எண்ணெய் பூசிய வலக்கை ஒன்று வெளியே வந்தது. மேலே அத்தான் தன் இடக்கையைத் தூக்கினார்.

அண்ணை ஊர்ந்து வெளியே வந்து, அத்தான் தூக்கிய கையைப் பார்த்தார். பிறகு மற்றக் கையைப் பார்த்தார். ஏதோ கழன்றுவிட்ட மாதிரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டாக்டரு… நீங்க சாப்புடறது?"

"ஓம். சின்னனிலையிருந்து இந்தக் கைதான். அம்மா அடிச்சுப் பாத்தவா. வாத்தியார் அடிச்சுப் பாத்தவர்."

"கலியாணத்தண்டைக்கு எனக்குச் சோறு தீத்தினதும் உந்தக் கையாலைதான்" என்று அக்கா அகப்பையோடு வெளியே வந்தாள். "சனம் முழுக்கப் பாத்துக்கொண்டு நிண்டது. நான் வாயைத் திறக்கிறதோ மூடுறதோ எண்டு தெரியாமல் முழிச்சனான்."

எனக்கு இது தெரியாத விடயமா? ஐந்து வருடமாக ஒரே வீட்டில் சாப்பிடுகிறோம். பழகிப் போனதால் என் கண்ணில் படுவது நின்றுவிட்டது. பொருட்களுக்கெல்லாம் இடம் வலம் எழுதிய நான், ஆட்களுக்கு எழுத மறந்துவிட்டேன்.

"இடது பக்கம் எண்டு சொல்லியிருக்கலாமே அண்ணை?" என்றேன்.

"அது எழுத்துல வர்ற சொல்லு தங்கச்சி. பட்டறையில கைக்கு ரெண்டே பேருதான்." நிலத்தைப் பார்த்தார். "பொம்பளைங்க நீங்க ரெண்டு பேரு நிக்கிறீங்க. இன்னொரு கையோட பேர எப்படிச் சொல்றது? அதான் மரியாதையா சொன்னேன்."

"பீச்சாங்கை எண்டு சொல்லிப்போட்டு விடுங்கோவன்!" என்றாள் அக்கா. "நாங்கள் என்ன, தேவலோகத்திலையிருந்து வந்தனாங்களோ?"

அண்ணை காதைப் பொத்திக்கொண்டார்.

நான் கொப்பியை எடுத்து எழுதினேன்: "இல. 7, இடப்பக்கப் பெட்டி. கழரவில்லை. காரணம்: சாப்பாடு."

வாளால் அறுக்கலாம் என்றார் அண்ணை. அறுத்தால் அந்த நீளப் போல்ட்டுக்கு அப்போது கிளிநொச்சிக் கடைகளில் மாற்றுக் கிடையாது. மாற்றில்லாவிட்டால் பெட்டி இல்லை, ஜெயபுரத்து மாடுகளுக்கு மருந்து இல்லை. நான் கையெழுத்து வேறு வைத்திருந்தேன். ஆகவே பெட்டி இருக்கட்டும் என்றேன். அதன் பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். மெயின் ஸ்டாண்டில் ஏற்ற, வண்டியின் இடப்பக்கம் நின்றுதான் காலால் மிதிக்க வேண்டும். அந்த மிதி சரியாகப் பெட்டிக்குக் கீழே இருந்தது. மற்றப் பதின்மூன்றில் எது கழராமல் இருந்திருந்தாலும் சமாளித்திருப்பேன்.

பொழுதுபடும்வரை பழகினேன். இடப்பக்கத்தால் ஏற முடியாததால் வலப்பக்கத்தால் ஏறினேன். "பஸ்ஸிலை டிரைவர் ஏறின மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. மெயின் ஸ்டாண்டைப் பதினொரு தரம் முயன்றேன். பதினொரு தரமும் பெட்டியின் மூலை என் முழங்காலைக் கண்டுபிடித்தது. பன்னிரண்டாம் தரம் நானும் வண்டியும் சேர்ந்து வேலியில் சாய்ந்தோம். கொப்பியில் "நான்காவது: சந்தேகம்" என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை அக்காவின் பஞ்சாபி உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்பே போய் நின்றேன்.

காவலாளி சேலைன் போத்தலைப் பார்த்து, "ஆருக்குப் பிள்ளை சுகமில்லை?" என்றார்.

"இவருக்குத்தான்" என்று வண்டியைக் காட்டினேன்.

முதலாவது வரி சரியாகப் போனது. மூன்று சொட்டில் எழும்பியது. இரண்டாவது வரி கொஞ்சம் விசித்திரம். பெட்டி ஒரு பக்கம் மட்டும் இருந்ததால் வண்டி எப்போதும் இடப்பக்கம் இழுத்தது. போகும்போது இடப்பக்கம் குளம். குளத்தில் எருமைகள் கழுத்தளவில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் வலப்பக்கம் சரிந்து, பக்கத்தில் யாரோ இரகசியம் சொல்லக் கேட்பதுபோல் ஓடினேன். மூன்றாம் துருசில் மட்டத்தை வாசித்தேன், இரண்டு தரம், பாசியைத் துடைத்துவிட்டு. திரும்பும்போது நடுக்கட்டில் நிறுத்தி மறுபடி எழுப்பினேன். மூன்றும் முடிந்தது.

நான்காவதுக்கு அலுவலகம் முழுவதும் ஜன்னலுக்கு வந்துவிட்டது. பிடித்தேன், மிதித்தேன், தூக்கினேன். ஏறவில்லை. மறுபடி. ஏறவில்லை. மேசையும் தாளும் ஜன்னலுக்குள்ளே தெரிந்தன.

"பிள்ளை, உது பலமில்லை, நுட்பம்" என்றார் பொறியியலாளர். "விலகுங்கோ, காட்டிறன்."

சேட்டுக் கையை மடித்தார். வண்டியைப் பிடித்து மிதியில் காலை வைத்து ஒரு உன்னு உன்னினார். கணீர் என்று கோயில் மணிபோல் கேட்டது. அவர் முகம் மாறவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. "பிடி வழுக்கிப்போச்சு" என்றார். மறுபடி உன்னினார். மறுபடி கணீர். இந்தத் தரம் பெட்டியின் மூடி திறந்து, கன்றுக்குப் பால் பருக்கும் சூப்பி ஒன்று, ஒரு மூக்கணாங்கயிறு, அத்தானின் சீப்பு என்பவை அவர் காலடியில் விழுந்தன.

அவர் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினார். ஜன்னல்களில் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பிறகு சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, முழங்காலில் வைக்காமல் படியில் வைத்து, நான்காம் வரியை வெட்டினார்.

"குளக்கட்டு மண் இளக்கம். மெயின் ஸ்டாண்ட் போட்டால் புதையும். அங்கை போடவே கூடாது" என்றார்.

"ஓம் ஐயா."

"நீங்கள் போட வெளிக்கிட்டது பிழை."

"ஓம் ஐயா. இனிப் போடமாட்டன்."

மீதி மூன்று வரிக்கும் சரி அடையாளம் போட்டார். "திங்கட்கிழமை காலமை ஆறரைக்கு முதலாம் துருசடியிலை நில்லுங்கோ."

பின்னேரம் திரும்பப் பூட்டும் வேலை. பட்டியலைக் கீழிருந்து மேலாக வாசித்தேன், ரின்களை வரிசையாகக் கொடுத்தேன். அண்ணை வண்டிக்கு அடியிலிருந்து "இடது பக்கம்", "வலது பக்கம்" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல் சொன்னார். ஒவ்வொரு தரமும் அத்தான் பதிலுக்கு, "மாட்டின்ரை இடதோ?" என்று கேட்டு உறுதிப்படுத்தினார். ஏழாம் இலக்கத்துக்கு வேலை இல்லை.

காலையில் நடந்ததைப் பூட்டிக்கொண்டே சொன்னேன். அத்தான் ஹோர்னைக் கையில் வைத்தபடி கேட்டார்.

"ஐயாவின்ரை முழங்காலிலையோ பட்டது?"

"ஓம். ரெண்டு தரம்."

எழுந்து போய்ப் பெட்டியின் மூலையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். குனிந்து வெளிச்சத்துக்கும் பிடித்துப் பார்த்தார்.

"நெளியேல்லை" என்றார் நிம்மதியாக. பிறகுதான், "அவருக்கு எப்பிடி?" என்று கேட்டார்.

"நொண்டுறார்."

"அது சுகமாயிடும்."

சனிக்கிழமை விடிய அவர் குடை, கண்ணாடி, இரண்டு பெட்டி சகிதம் டூர் கிளம்பினார். நான் திங்கட்கிழமை அலுவலக மோட்டார் சைக்கிளில், ஒன்றுமே பூட்டாத வெறும் வண்டியில், இடப்பக்கத்தால் ஏறிப் போனேன். முதலாம் துருசடியில் ஒருவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆர் பிள்ளை நீங்கள்?"

"குளத்து ஓபிஸ். புதிசா வந்திருக்கிறன்."

அவர் மண்வெட்டியை இறக்கி வைத்தார். நிதானமாக ஏசத் தொடங்கினார். கடைசிக் காணிக்குத் தண்ணீர் எட்டுவதில்லை. துருசுக் கதவை எப்போது திறப்பார்கள் எப்போது பூட்டுவார்கள் என்று கடவுளுக்கும் தெரியாது. "உங்கடை ஓபிஸ் படத்திலை ஒரு வாய்க்கால் கீறிக் கிடக்கு. நிலத்திலை அப்பிடியொரு வாய்க்கால் இல்லை! அதைக் கீறின மூளைசாலி ஆர் எண்டு எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ பாப்பம்!"

அந்த வாய்க்கால் எது என்று எனக்கு உடனே தெரிந்தது. நீல மையில், நல்ல வளைவாக, நான்தான் கீறியிருந்தேன். ஒன்றரை வருடத்தில் ஒருவரும் என்னை அலுவலக ஆள் என்று ஏசியதில்லை. சந்தோசம் முகத்தில் தெரியாமல் கொப்பியைத் திறந்தேன்.

"என்ன எழுதிறியள்?"

"நீங்கள் ஏசிறதை."

"எல்லாத்தையுமோ?"

"ஓம். மூண்டாவது வரைக்கும் எழுதிட்டன்."

அவர் என்னையும் கொப்பியையும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு நாலாவதை, எழுத வசதியாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.